வெறுங்கையும் தூய மனமும்

கங்கையும் பிரம்மபுத்திராவும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய சேற்றின்மேல் நிற்கிறது சுந்தரவனம். அந்தக் காட்டுக்குள் தேனெடுக்கப் போகிறவர்களுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. வெறுங்கையோடு போக வேண்டும். தூய மனத்தோடு போக வேண்டும். இவற்றை விதித்தது வனத்துறை இல்லை. வனத்துறையின் நிபந்தனைகள் வேறு. அவற்றுக்கு அனுமதிச் சீட்டும் படகு உரிமமும் கையெழுத்தும் வேண்டும். இந்த இரண்டையும் விதித்தவள் போன்பீபி, காட்டின் நாயகி. இந்துவும் முஸ்லிமும் ஒரே படகில் ஏறி, ஒரே பெயரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் துடுப்பு போடுகிறார்கள். உள்ளே புலி இருக்கிறது. திரும்பி வராதவர்களின் பெயர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன.

கும்பிட்டுவிட்டுப் போனவனையும் புலி அடிக்கிறது என்றால், அந்தக் கும்பிடுக்கு என்ன பொருள்? நகரத்தில் இருக்கிறவர்கள் இதை மூடநம்பிக்கை பற்றிய கேள்வியாகக் கேட்பார்கள். காட்டோரத்தில் வாழ்கிறவர்களுக்கோ இது நீதி பற்றிய கேள்வி. கேட்காமல் வருகிற ஆபத்தோடு, காற்றாக வந்தாலும் விலங்காக வந்தாலும், மனிதனுக்கு என்ன கணக்கு வழக்கு?

முதலில் அந்த மண்ணைச் சொல்லிவிடலாம். இந்தியா, வங்கதேசம் இரண்டையும் சேர்த்தால் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காடு. இந்தியப் பகுதியில் 102 தீவுகள். அவற்றில் 54இல் மக்கள் குடியிருக்கிறார்கள். தீவுகளும் அவற்றை ஒட்டிய நிலமுமாக 19 ஒன்றியங்களில் 2011 கணக்கெடுப்பின்படி 44 லட்சம் பேர். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை மரம் பிச்சாவரத்தில் நிற்பதுபோலவே இங்கும் கழிமுகமெங்கும் நிற்கிறது. நாளொன்றுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. பல தீவுகளில் வயலும் வீடும் கடலேற்ற மட்டத்துக்குக் கீழேதான் இருக்கின்றன. ஊருக்கும் கடலுக்கும் நடுவே நிற்பது மண்ணால் போட்ட கரை ஒன்றுதான். அதன் மொத்த நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். வாய்க்காலில் முதலை, வைக்கோல் போருக்குள் நல்லபாம்பு, கட்டுவிரியன். இந்தியப் பக்கத்தில் சுமார் 100 புலிகள். வங்கதேசத்தில் 2024இல் வெளியான கணக்கெடுப்பில் 125.

மற்ற காடுகளில் மனிதனைக் கொல்லும் புலி அபூர்வம். காயம்பட்டதோ கிழடோதான் அப்படி ஆகும் என்பார்கள். சுந்தரவனப் புலி விதிவிலக்கு. 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, படகில் தூங்குகிறவர்களைப் புலி நீந்தி வந்து தூக்கிப்போவதை எழுதியிருக்கிறார். காரணம் உப்புத்தண்ணீர் என்று ஒரு கட்சி. ஏற்றநீர் வாசனைக் குறிகளை அழித்துவிடுவதால் புலிக்குத் தன் எல்லை தெரியாமல் போகிறது என்று இன்னொரு கட்சி. தீவுக்காரர்களின் விளக்கம் இன்னும் எளிது. புயலும் உப்பும் சேறும் யாரையும் முன்கோபியாக்கும். எங்களையும் அப்படித்தான் ஆக்கியிருக்கிறது, புலியையும் அப்படித்தான்.

இனி போன்பீபியின் கதை. 19ஆம் நூற்றாண்டில் அச்சேறிய 'போன்பீபி ஜோஹுராநாமா' வங்காளச் செய்யுள்தான். ஆனால் புத்தகத்தை அரபு நூல்போல வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும். மெக்காவைச் சேர்ந்த இப்ராகிமின் மகள் போன்பீபி, தம்பி ஷா ஜங்கலி. காட்டில் பிறந்து, கைவிடப்பட்டு, மான்களால் வளர்க்கப்பட்டவள். பதினெட்டு ஓதங்களின் நாடான சுந்தரவனத்துக்குப் போய் அங்கே அல்லல்படுகிறவர்களைக் காப்பாற்று என்று அல்லா அவளை அனுப்புகிறார். அங்கே ஆட்சி செய்பவன் தொக்கின் ராய். பிராமண முனிவன். காட்டின் செல்வத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் புலி வடிவெடுத்து மனிதர்களைத் தின்னத் தொடங்கியவன். போர் நடக்கிறது. போன்பீபி வெல்கிறாள், ஆனால் அவனை அழிக்கவில்லை. நிலத்தைப் பங்கு போடுகிறாள். அடர்காடு அவனுக்கு, மற்றது மனிதர்களுக்கு.

அதோடு முடிந்திருந்தால் அது சாதாரண தலபுராணம். கதையின் சாரம் அதன் பிறகுதான் வருகிறது. துக்கே என்ற ஏழைச் சிறுவன், அம்மாவைத் தவிர யாருமில்லை. தூரத்துச் சித்தப்பன் தோனா ஏழு படகுகளோடு தேனெடுக்கக் கிளம்பும்போது பையனையும் ஆசைகாட்டி அழைத்துப்போகிறான். காட்டில் தேன் கிடைக்கவில்லை. தோனாவின் கனவில் தொக்கின் ராய் வந்து, பையனைக் கொடு, படகு நிறையத் தேனும் மெழுகும் தருகிறேன் என்கிறான். தோனா கொஞ்சம் தயங்குகிறான், பிறகு சம்மதிக்கிறான். விறகு பொறுக்கிவா என்று துக்கேயைக் கரையில் இறக்கிவிட்டு ஏழு படகுகளும் போய்விடுகின்றன. புலி பாயும் நேரத்தில் பையன் போன்பீபியைக் கூப்பிடுகிறான், அவள் வருகிறாள், ஷா ஜங்கலி தொக்கின் ராயை அடித்து விரட்டுகிறான். கடைசியில் சமரசம். தொக்கின் ராய் அவளைத் தாயென்று ஏற்கிறான். துக்கே ஊர் திரும்பி, தோனாவை மன்னித்து, அவன் மகளையே கட்டிக்கொள்கிறான்.

கதையில் குற்றவாளி யார்? புலி ஒரு குற்றவாளி, தோனா இன்னொரு குற்றவாளி. இரண்டு பேருடைய குற்றமும் ஒன்றே: தேவைக்கு மேல் வேண்டும் என்ற பேராசை. எனவேதான் ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுகிறது. வெறுங்கை என்றால் அடக்கி ஆளும் எண்ணத்தோடு வராதே என்று பொருள். தூய மனம் என்றால் பசிக்கு எடு, பெட்டியை நிரப்ப எடுக்காதே என்று பொருள். புலிக்கும் அதே சட்டம்தான்.

இந்தச் சட்டம் வீடுவரை வருகிறது. தேனெடுக்க ஆண்கள் உள்ளே இருக்கும் நாட்களில் மனைவிமார் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, சீவுவதில்லை, சோப்புப் போட்டுத் துவைப்பதில்லை, மிளகாய் வறுப்பதில்லை. புருஷன் உயிரோடு இருக்கும்போதே கைம்பெண் கோலம். காட்டுக்குள் கூட்டத்துக்கு முன்னால் பவுலே என்ற மந்திரக்காரர் நடக்கிறார். புலியின் வாயைக் கட்டுவது அவர் வேலை. பல பவுலேக்களைப் புலியே அடித்திருக்கிறது. இதைச் சொல்லி அவர்களை மடக்க முடியாது. அவர்களுக்குத் தெரியாததை நாம் ஒன்றும் சொல்லிவிடவில்லை.

அவர்கள் வேறு வழியே தேடாதவர்களும் அல்ல. 1980களின் நடுவில், புலி பின்னாலிருந்துதான் பாயும் என்று கண்டு, தலையின் பின்புறம் மனித முகமூடி கட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள், கட்டிக்கொண்டு போனார்கள். கொஞ்ச காலம் பலித்தது. காட்டோரம் நைலான் வலை வேலி வந்த பிறகு ஊருக்குள் புலி நுழைவது குறைந்தது, அதையும் வரவேற்றார்கள். முகமூடி போட்டவனும் போன்பீபியைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனான். கும்பிடு பாதுகாப்புச் சாதனம் என்று அவன் நினைத்திருந்தால் முகமூடி தேவைப்பட்டிருக்காது. அது ஒரு வாக்குறுதி, போகிறவன் தானே தனக்குப் போட்டுக்கொள்ளும் கடிவாளம்.

இதுவரை இந்தச் சமயத்தின் அழகான பக்கம். மானுடவியலாளர்களும் நாவலாசிரியர்களும் விரும்பிப் பார்ப்பதும் இதைத்தான். மறுபக்கம், ஒருவன் திரும்பி வராத நாளில் தொடங்குகிறது.

நிபந்தனையை மதித்துப் போனவனைப் புலி தொடாது என்றால், புலி தொட்டவன் நிபந்தனையை மீறியிருக்க வேண்டும். ஊர் இப்படித்தான் கணக்குப் போடுகிறது. அவன் மனத்தில் பேராசை இருந்திருக்கும். அவன் மீது குறையில்லையென்றால் வீட்டிலிருந்தவள் மீது குறை. தலை சீவியிருப்பாள், மிளகாய் வறுத்திருப்பாள். புலியிடம் கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு வங்காளத்தில் விழும் வசவு, நம்மூரில் 'புருஷனை முழுங்கினவ' என்று சொல்வதன் அச்சு. மாமியார் வீட்டில் இடமில்லை, நல்ல காரியங்களுக்கு அழைப்பில்லை. சில தீவுகளில் இப்படிப்பட்டவர்கள் இருக்கும் தெருவுக்கே விதவைப் பாடா என்று பெயர் விழுந்துவிட்டது.

ஆக ஒரே நம்பிக்கைக்கு இரண்டு வேலை. படகு கிளம்பும் முன்பு அது விதி. படகு திரும்பிய பின்பு அதுவே தீர்ப்பு. முன்னது மனிதனை அடக்கமாக்குகிறது. பின்னது செத்தவனையும் அழுகிறவளையும் குற்றக்கூண்டில் ஏற்றுகிறது. இயற்கையின் அடியைப் பற்றிச் சமயங்கள் பேசியதையெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே தரம் பிரித்துவிடலாம் போலிருக்கிறது.

இந்தத் தரம் பிரிக்கும் வேலை ஒருமுறை தமிழ்நாட்டு மண்ணில் தொடங்கியது. 1934 ஜனவரி 15 அன்று பிகாரில் பெரும் நிலநடுக்கம்; 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழகத்தில் சுற்றிக்கொண்டிருந்தார் காந்தி. ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், இந்த நிலநடுக்கம் தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று தாம் நம்புவதாகச் சொன்னார். தாகூர் அதிர்ந்துபோனார். தீண்டாமை விஷயத்தில் அவர் முழுக்க காந்தியின் பக்கம். அதனால்தான் இன்னும் அதிகமாக அதிர்ந்தார். பௌதிக நிகழ்ச்சியை அறத்தோடு முடிச்சுப் போடுவது பகுத்தறிவுக்கு எதிரானது என்று எழுதி அனுப்பினார். இதே வாதத்தை எதிர்க்கட்சி எடுத்துக்கொண்டு, நிலநடுக்கம் காந்தியின் சீர்திருத்தத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொன்னால் என்ன பதில் என்பது அவர் கேள்வி. காந்தி அதை மறைக்கவில்லை. பிப்ரவரி 16 'ஹரிஜன்' இதழில் தாகூரின் மறுப்பையும் தம் பதிலையும் சேர்த்தே வெளியிட்டார். தம் நம்பிக்கையிலிருந்து அவர் இறங்கிவரவும் இல்லை.

தாகூர் அதற்குச் சற்று முன்புதான், 1932 டிசம்பரில், சுந்தரவனத்தின் கோசாபா தீவுக்குப் போய் வந்திருந்தார். டேனியல் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காட்டு நிலத்தைப் பெற்று, கூட்டுறவு முறையில் ஏழைகளைக் குடியேற்றி வைத்திருந்த ஊர் அது. கரை உடைந்தால் யார் வீடு மூழ்கும் என்பதைப் பார்த்து வந்தவருக்குத் திருநெல்வேலிப் பேச்சு உறைத்திருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது. தண்டனை என்றால் அது பாவம் செய்தவன் தலையில் விழ வேண்டும். பிகாரில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் செத்தார்களே?

காந்தியைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். மற்றவர்கள் தண்டனை என்று சொன்னபோது கையைப் பிறர்மீது காட்டினார்கள். அவர் தம்மையும் தம் சாதியாரையும் சேர்த்துச் சொன்னார். ஆனாலும் அது படகு திரும்பிய பின்பு சொல்லும் பேச்சுதான்.

இந்த விஷயத்தில் மிகக் கறாரான நூல் பைபிளில் இருக்கும் யோபுவின் புத்தகம். யோபுவின் பிள்ளைகள் சாவது புயலில். பாலைவனப் பக்கமிருந்து பெருங்காற்று வந்து வீட்டின் நான்கு மூலையிலும் மோதி, வீடு அவர்கள்மேல் விழுகிறது. துக்கம் விசாரிக்க வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் அத்தியாயம் அத்தியாயமாக ஒன்றையே சொல்கிறார்கள்: நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய். யோபு ஒப்புக்கொள்ளவில்லை. முடிவில் கடவுள் பேசுகிறார், அதுவும் ஒரு பெருங்காற்றின் நடுவிலிருந்து. ஏன் செத்தார்கள் என்ற கேள்விக்கு அவர் பதிலே சொல்வதில்லை. காட்டு விலங்குகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். சிங்கக்குட்டிக்கு இரை தேடிக்கொடுப்பது யார், வரையாடு குட்டி போடும் காலம் உனக்குத் தெரியுமா, காட்டுக்கழுதையை அவிழ்த்துவிட்டது யார், மனிதனே இல்லாத வனாந்தரத்தில் மழை பெய்விப்பது யார் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். உலகம் மனிதனை மையமாக வைத்துக் கட்டியதல்ல என்பதைத் தவிர அதில் வேறு விளக்கமில்லை. நூலின் கடைசியில் அவர் கோபித்துக்கொள்வது முறையிட்ட யோபுவை அல்ல. தம் சார்பில் வக்காலத்து வாங்கிய அந்த மூன்று நண்பர்களைத்தான்.

தேனெடுக்கப் போன இடத்தில் புலி அடித்தது ஏன் என்று மருமகளைக் கேட்கும் மாமியாருக்கும் அந்த மூவருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

தண்டனைக் கணக்குக்கு ஒரு தங்கை உண்டு, அற்புதக் கணக்கு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் நுழையவில்லை. கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். 2013 ஜூனில் கேதார்நாத் கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரும்பாறை வந்து நின்று வெள்ளத்தைப் பிரித்துவிட்டது. பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். தப்பிய கோயிலைக் கொண்டாடுகிறவர்களுக்குப் பழைய கிரேக்கக் கதை ஒன்று இருக்கிறது. சிசரோ எழுதி வைத்தது. கடலில் பிழைத்தவர்கள் காணிக்கையாக மாட்டிய படங்களைக் காட்டி, இப்போதாவது தெய்வம் உண்டென்று ஒப்புக்கொள் என்றானாம் நண்பன். நாத்திகன் தியாகோரஸ் திருப்பிக் கேட்டான்: மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே?

சரி, புயலுக்கு வருவோம். போன்பீபியின் ஒப்பந்தத்தில் புலி உண்டு, மனிதன் உண்டு, தேன் உண்டு, புயல் இல்லை. 2009 மே 25 அன்று ஐலா புயல் கடலேற்ற நேரத்தில் வந்து மோதியபோது, 700 கிலோமீட்டருக்கு மேல் கரை சேதமானது. உப்புநீர் வயலில் ஏறியது, குளத்தில் ஏறியது. தண்ணீர் வடிந்த பிறகும் மண்ணில் உப்பு நின்றதால் அடுத்தடுத்த பருவங்களில் நெல் முளைக்கவில்லை. நாகப்பட்டினத்தில் ஆழிப்பேரலைக்குப் பிறகு குழியடிச்சானையும் களர்ப்பாலையையும் தேடியதுபோல அங்கே நோனா பொக்ரா போன்ற உவர் தாங்கும் பழைய ரகங்களைத் தேடினார்கள். உயர் விளைச்சல் ரகங்கள் வந்த பிறகு அவற்றின் விதை பல ஊர்களில் கையில் இல்லை.

புயலுக்குப் பிறகு தீவுகளில் எழுந்த பேச்சைக் கவனிக்க வேண்டும். புலி அடித்தால் என்ன பாவம் செய்தான் என்று கேட்ட ஊர், கரை உடைந்தபோது அப்படிக் கேட்கவில்லை. கரைக்கு மண் போட்ட ஒப்பந்தக்காரர் யார், பாசனத்துறை ஏன் பலப்படுத்தவில்லை என்று கேட்டது. காரணம் புரியாதது அல்ல. சேறு படிந்து நிலம் தானாக உயர்வதற்குள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காட்டை வெட்டிக் கரை கட்டிக் குடியேற்றம் செய்தது கம்பெனி அரசு. வரி வேண்டும் என்பதற்காக. கரை வந்ததும் ஆற்றுச் சேறு வயலுக்குள் வருவது நின்றது, நிலம் தாழ்ந்தே கிடந்தது. அந்தத் தாழ்வுக்குள்தான் இன்று ஐலாவின் வாரிசுகள் பாய்கின்றன. கடலுக்குப் பாவக்கணக்கு தெரியாது. கரைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்பது மனிதர்களுக்குத் தெரியும்.

2020 மே 20 அன்று ஐலாவைவிட வேகமாக அம்பன் வந்தபோது, எச்சரிக்கை முன்னதாகவே வந்தது. லட்சக்கணக்கானோர் புயல் பாதுகாப்புக் கூடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். வீடும் கரையும் போயின. போயிருக்கக்கூடிய உயிர்களில் பெரும்பங்கு மிஞ்சியது. இதுவும் முன்கூட்டிய விதிதான். விதித்தது தெய்வமாக இல்லாமல் வானிலை மையமாக இருக்கிறது, அவ்வளவே.

காட்டு விலங்கு விஷயத்தில் இதே மாதிரி ஒன்றை வால்பாறையில் பார்க்கலாம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானை நடக்கும் ஊர் அது. அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்தில் யானை நிற்பது தெரியாமல் போனதால் இறந்தவர்கள் என்று இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் கண்டார்கள். எனவே யானை எங்கே நிற்கிறது என்று மாலையில் உள்ளூர் கேபிள் டிவியில் ஓட்டினார்கள், கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள், மேட்டில் சிவப்பு விளக்கு எரியவிட்டார்கள். விளக்கு எரிந்தால் அந்த வழி இன்றைக்கு யானைக்கு. இதற்காக அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. அடர்காடு உனக்கு, மற்றது எங்களுக்கு என்ற பழைய பங்கீட்டை இங்கே தினமும் சாயங்காலம் புதுப்பிக்கிறார்கள்.

சமவெளியில் நமக்கு யானை என்றால் பிள்ளையார், மயில் என்றால் முருகன். அதே மயில் கடலைக் காட்டில் இறங்கினால் கையில் கல். தெய்வம், தொல்லை இரண்டுக்கும் நடுவே நம்மிடம் வேறு பெட்டி இல்லை. கூடலூர்ப் பக்கத்துக் காட்டுநாயக்கர்களிடம் இருக்கிறது. 1970களின் இறுதியில் அவர்களோடு தங்கிய மானுடவியலாளர் நூரித் பேர்ட்-டேவிட் ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார். குடிசைகளுக்கு நடுவே யாருக்கும் தீங்கில்லாமல் நடந்துபோன யானையை அவர்கள் 'தேவரு' என்றார்கள். குடிசைகளை மிதித்து நொறுக்கிய இன்னொரு யானையை அப்படிச் சொல்லவில்லை, அது வெறும் யானை. தெய்வத்தன்மை இனத்தில் இல்லை. அது நடந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. இதுவும் நடந்த பின் சொல்லும் தீர்ப்புதானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் தீர்ப்பு யானைமீது. குடிசை இழந்தவன் என்ன பாவம் செய்தான் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

சுந்தரவனத்துக்காரர்களும் ஒரு முறை தீர்ப்பை மேல்நோக்கித் திருப்பியிருக்கிறார்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து தண்டகாரண்யத்துக்கு அனுப்பப்பட்ட அகதிகள், பெரும்பாலும் நாமசூத்திரர் என்ற தலித் சமூகத்தினர், 1978இல் திரும்பிவந்து மரிச்சாப்பித் தீவில் குடியேறினார்கள். அது காப்புக்காடு என்றது அரசு. 1979 ஜனவரியில் தீவைச் சுற்றி முற்றுகை. மே மாதம் குடிசைகளை எரித்து வெளியேற்றினார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. தீவுகளில் ஆய்வு செய்த அன்னு ஜலெய்ஸ் கேட்டுப் பதிந்த பேச்சு இது: அதுவரை புலியும் நாங்களும் ஒரே வறுமையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தோம்; அரசாங்கம் புலிக்காக மனிதனைச் சுட்ட பிறகுதான் புலிக்குத் திமிர் ஏறியது, நாங்கள் அதற்குத் தீனி ஆனோம். விலங்கியல்படி இது நிற்காது. பெர்னியே காலத்துப் புலிக்கும் மனித ருசி தெரியும். ஆனால் அவர்கள் விலங்கியல் பேசவில்லை, ஒப்பந்தத்தை மீறியது எந்தத் தரப்பு என்று சொல்கிறார்கள்.

ஒப்பந்தமும் தேய்ந்துகொண்டுதான் வருகிறது. ஏற்றுமதி இறாலுக்குக் குஞ்சு பிடிக்கும் தொழில் வந்ததும், பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் முதலைக்கு நடுவே வலை தள்ளத் தொடங்கினார்கள். நாள் முழுக்க, ஆண்டு முழுக்க, விலைக்காக. தேவைக்கு மட்டும் எடு என்ற போன்பீபி இந்தத் தொழிலுக்கு ஒத்துவரவில்லை. பலர் காளியைக் கும்பிடத் தொடங்கினார்கள் என்று ஜலெய்ஸ் எழுதுகிறார். ஐலாவுக்குப் பிறகு ஆண்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் தமிழ்நாடு, கேரளம் என்று வந்தார்கள். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் கவிழ்ந்த கோரமண்டல் விரைவு ரயிலில் இறந்தவர்களில் சுந்தரவனத் தொழிலாளர்களும் இருந்தார்கள். புலிக்கும் புயலுக்கும் தப்பி நம்மூர் நாற்று நடவுக்குக் கிளம்பியவர்கள்.

ஏறக்குறைய நம் பொங்கல் நாட்களில் போன்பீபிக்குத் திருவிழா. இந்து ஊரில் சேலை கட்டிக் கிரீடம் வைத்திருப்பாள், முஸ்லிம் ஊரில் பின்னலும் குல்லாயும், மடியில் துக்கே. அந்த விழாவை வெறும் மூடத்தனம் என்று தள்ளுகிறவர்கள், காட்டில் பேராசைக்கு வேலி போட இன்னொரு வழியைக் காட்டிவிட்டுத் தள்ளட்டும். அதைப் பழங்குடி ஞானம் என்று மாலை போடுகிறவர்கள், விதவைப் பாடாவில் ஒரு வேளை உட்கார்ந்துவிட்டு மாலை போடட்டும்.

அந்தத் தெருப் பெண்களுக்கு இன்னொரு மாமியாரும் இருந்தாள்: வனத்துறை. கணவன் அனுமதிச் சீட்டில்லாமல் போனான், மையக் காட்டுக்குள் போனான், ஆகவே இழப்பீடு இல்லை என்பது அதன் கணக்கு. இதனால் புலி அடித்துச் செத்ததையே மறைத்துவிட்ட குடும்பங்கள் பல. 2023இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. எந்தப் பகுதியில் இறந்தார் என்பதைக் காட்டி மனைவியின் உரிமையை மறுக்கக் கூடாது, 5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சீட்டு இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடம் படகு கிளம்பும் துறை. பிணம் வந்த வீடு அல்ல.